வழக்குரைக்க ஒரு வாசல்

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்துப்போன ஒருவனைக் கண்டால் கேட்பதற்கென்று மூன்று கேள்விகள் எல்லோரிடமும் உண்டு. கடவுளை நம்புகிறீரா? எந்தக் கட்சியின் பக்கம்? எந்த ஊர், என்ன குடி? கேட்பவர் மட்டக்களப்பார் என்றால் மூன்றாவது கேள்வியே முதலில் வரும். செய்தி எழுதுகிறவன் தன் சொந்தக் கருத்தைச் செய்திக்குள் நுழைக்கக் கூடாது என்ற பழைய ஒழுங்கில் வளர்ந்தவன் நான். ஆகவே நெடுங்காலம் சிரித்து மழுப்பி வந்தேன். இப்போது நாளாந்தச் செய்தி எழுதும் வேலை இல்லை. மழுப்புவதற்கும் காரணம் இல்லை.

மதம், சமூகம், அரசு ஆகிய மூன்றையும் அளக்க என்னிடம் இருப்பது ஒரே கோல். அநியாயம் இழைக்கப்பட்ட ஒருவர் வந்து நின்று ‘எனக்கு இது நடந்தது’ என்று சொல்ல அங்கே வாசல் உண்டா? அதைக் கேட்டு மறுமொழி சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் உள்ளே இருக்கிறாரா? இந்தக் கோலை நான் ஐரோப்பியத் தத்துவ நூல்களிலிருந்து எடுக்கவில்லை. (அவற்றைப் படித்ததும் கொஞ்சம்தான்.) எங்கள் வாவிக்கரையில், வைகாசி மாதத்தில், பறை மேளச் சத்தத்தோடு காதில் விழுந்தது இது.

தொலைவிலிருக்கும் வாசகர்களுக்காக ஊரைப் பற்றி ஒரு சொல். ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. கடலோரமாய் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. வயலும் காடுமாய் சூரியன் விழும் பக்கம் படுவான்கரை. இரு கரைகளிலும் கண்ணகி அம்மன் கோயில்கள் உண்டு. தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரை அந்த வழிபாடு பரந்திருக்கிறது. இவற்றுள் பல கோயில்களின் கதவு ஆண்டில் ஒரு முறை, வைகாசிச் சடங்கின்போது மட்டுமே திறக்கும். அந்த நாட்களில் அங்கே பாடப்படுவது கண்ணகி வழக்குரை. ஏட்டில் கிடந்த அந்நூலைப் பண்டிதர் வீ. சீ. கந்தையா பதிப்பித்தது 1968இல். பதிப்பு வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே எழுத்தறியாத கிழவிகளுக்கும் அது மனப்பாடம்.

பெயரைக் கவனியுங்கள். கண்ணகி புராணம் என்றோ கண்ணகி மான்மியம் என்றோ எங்கள் முன்னோர் பெயர் வைக்கவில்லை. வழக்குரை என்று வைத்தார்கள். ஒரு சமூகம் தன் தெய்வத்தை நினைக்கும்போது, கணவனை இழந்த ஒரு பெண் அரசனின் சபைக்குள் நுழைந்து சாட்சிப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடிய காட்சியை நினைக்கிறது. வரம் தருபவளாக அவளை நினைப்பது அதற்குப் பிறகுதான். ஆண்டுதோறும் ஓர் அரசனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் வழிபாடு உலகில் வேறெங்கே எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது, எங்களிடம் இருக்கிறது.

இவ்வழிபாட்டை எல்லோரும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், கண்ணகி சமணச் செட்டிப் பெண். சைவர் அவளை வணங்கலாகாது என்று கண்டித்தார். அங்கே பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. மட்டக்களப்பார் நாவலரைப் படித்தார்கள், மதித்தார்கள், ஆனால் அம்மனை விடவில்லை. சிங்களவர் அவளையே பத்தினித் தெய்யோ என்று வணங்குகிறார்கள். எங்கள் ஊர்களில் கண்ணகி கட்சி, கோவலன் கட்சி என்று பிரிந்து கொம்பு முறிப்பது போல அவர்களிடம் அங்கெலிய என்ற விளையாட்டு உண்டு. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் வெளியிட்ட பெருநூலைப் புரட்டுகிறவர், ஓர் இனத்தின் தெய்வம் மற்ற இனத்தின் வீட்டிலும் குடியிருப்பதைக் காணலாம். சிங்கள மன்னர்களும் தமிழ்த் தலைவர்களும் இந்த ஒரு தெய்வத்துக்காவது அஞ்சியிருந்தால் நாட்டின் சரித்திரம் சற்று வேறாக இருந்திருக்கும்.

ஆக, கடவுளை நம்புகிறீரா என்ற கேள்விக்கு என் மறுமொழி இதுதான்: வழக்குக் கேட்கும் கடவுளை நம்புகிறேன். அரசனின் பக்கத்தில் ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கும் கடவுள் யாராக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இங்கேதான் அரசியலமைப்பு வருகிறது. 1947இல் கிடைத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமயத்தவருக்கு இல்லாத தடையையோ சலுகையையோ இன்னொரு சமயத்தவருக்கு உண்டாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. பலவீனமான காப்புத்தான், ஆனால் காப்பு. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு அதை எடுத்துவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. 1978ஆம் ஆண்டின் யாப்பு அதனை 9ஆம் உறுப்புரையாகத் தொடர்ந்தது. மற்றைய சமயத்தவரின் உரிமைகளும் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளில் உறுதி செய்யப்பட்டிருக்கின்றனவே என்று கேட்பார்கள். உண்மை. ஆனால் நீதிபதியின் ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு தரப்புக்கு மட்டும் நாற்காலி போட்டுவிட்டு, மற்றவரைப் பார்த்து ‘நீயும் நின்று பேசலாம்’ என்று சொல்வதை எந்தக் கிராமத்துப் பஞ்சாயத்தும் நீதி என்று ஏற்காது.

அரசுக்கு மதம் வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. பௌத்த அரசு வேண்டாம் என்கிற அதே மூச்சில் சைவ அரசும் இஸ்லாமிய அரசும் வேண்டாம் என்கிறேன். இதனால் பௌத்தத்துக்கு நட்டம் இல்லை. அரசனோடு சேர்ந்ததால் பௌத்தம் இழந்தது என்ன என்பதை எண்ணிப் பார்க்கத் துணியும் பிக்குகள் தெற்கில் சிலராவது இருக்கிறார்கள்.

மதம் அநியாயப்பட்டவன் பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து 1948இல் இங்கே வந்த இயேசு சபைத் துறவி ஹரி மில்லர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தவர். போர் வந்ததும் மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, காணாமற் போனவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார். வீட்டுக்கு வந்த தாய் இந்துவா முஸ்லிமா கிறிஸ்தவரா என்று அவர் பார்க்கவில்லை. பெயர், வயது, ஊர், கொண்டு போனது யார், எந்த நாள் என்பவற்றைக் கேட்டு எழுதினார். அவருடைய சக துறவி இயூஜின் ஹெபேர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த இளைஞனோடு காணாமற் போனார். மில்லர் அடிகளார் தன் பட்டியலில் தன் நண்பரின் பெயரையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு துறவியின் கைக்குறிப்பேட்டைவிடப் பெரிய வேதத்தை அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் நான் பார்க்கவில்லை.

சமூகத்துக்கு வருவோம். வெளியூர் நண்பர்களுக்கு எங்கள் குடிமுறையை விளக்குவது கடினம். குடி என்பது தாய்வழி. தகப்பனின் குடி எதுவானாலும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று பெயர்கள். வீடும் வளவும் மகளுக்குப் போகும். மருமகன் பெண் வீட்டுக்கு வருவான். பெருங்கோயில்களின் வண்ணக்கர் பதவியும் திருவிழா உரிமையும் குடிகளுக்கிடையே பங்கிடப்பட்டவை. காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் மரைக்காயர்கள் குடிப் பிரதிநிதிகளாகவே தெரிவானார்கள். இரு சமூகமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மண்ணின் வழக்கான முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றங்களில் வழக்கொழிந்தது. வீட்டுக்குள் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

இம்முறையில் எனக்குப் பிடித்தது, ஒருவர் கையில் எல்லாம் சேராது என்பது. இந்த ஆண்டு உனக்கு, அடுத்தது எனக்கு. கணக்குக் கேட்க மற்றக் குடிக்காரன் எப்போதும் பக்கத்திலேயே இருப்பான். அதிகாரப் பகிர்வு என்று கொழும்பில் எழுபது ஆண்டாகப் பேசிக் களைத்துப் போனவர்கள், கொக்கட்டிச்சோலைத் தேர்த் திருவிழாவில் எந்த வடத்தை யார் பிடிப்பது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். (சண்டை வராது என்று சொல்லவில்லை. வண்ணக்கர் வழக்குகளால் மட்டக்களப்புச் சட்டத்தரணிகள் வீடு கட்டிய கதைகள் உண்டு. ஆனால் வழக்குக்குப் போனார்கள், வாளுக்குப் போகவில்லை.)

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். பறை மேளம் ஒலிக்காமல் அம்மன் சடங்கு தொடங்காது. அந்தப் பறையை அடித்தவர்கள் பல கோயில்களில் நெடுங்காலம் வெளிவீதியிலேயே நிறுத்தப்பட்டார்கள். எந்தத் தெய்வத்தின் பெயரால் அரசனைக் கேள்வி கேட்கிறோமோ அந்தத் தெய்வத்தின் வாசலிலேயே கேள்வி கேட்க இடமில்லாமல் ஒரு மக்கள் கூட்டம். போடியாரின் வயலில் வேலை செய்தவன் போடியாருக்கு எதிராக எந்தக் கோயிலில் வழக்குரைப்பான்? காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த 1930களின் தொடக்கத்தில், சிதம்பரத்தை அடுத்த திருவேட்களத்தில் தீண்டாமைக்கு ஆளான மக்களின் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். யாழ் நூலைப் பற்றி விழாவெடுக்கும் நாங்கள், அந்த மாலை நேர வகுப்புகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏன் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெண்கள் நிலையும் அப்படியே. தாய்வழி என்கிறோம், வீடு பெண்ணின் பெயரில் என்கிறோம். கோயில் நிருவாகக் கூட்டத்திலோ பள்ளிவாசல் நிருவாகத்திலோ உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் விவாக விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றங்களை அமைத்தது. அச்சட்டப்படி ஒரு பெண் காதியாக முடியாது. கணவன் மீது முறையிட வரும் பெண் ஆண்களின் முன்னால்தான் நிற்க வேண்டும். இதைத் திருத்தக் கோரிய முஸ்லிம் பெண்களுக்கு, வெளியிலிருந்து நாங்கள் புத்தி சொல்லத் தேவையில்லை. அவர்கள் கேட்பதைக் கேட்க விட்டாலே போதும்.

இனி அரசு.

1991 ஜூன் 12. படுவான்கரையில் படையினர் மீது நடந்த கண்ணிவெடித் தாக்குதலை அடுத்து, மகிழடித்தீவு, முதலைக்குடா பகுதியில் பொதுமக்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். அரசு ஆணைக்குழு நியமித்தது. அந்நாட்களில் அதுவே அபூர்வம். ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாகக் கண்டது. ஊரார் சொல்லும் கணக்கு அதைவிடப் பெரிது. இறுதியில் இராணுவ நீதிமன்று, படையினரைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று ஓர் அதிகாரியைச் சேவையிலிருந்து நீக்கியது. கொலைக் குற்றத்துக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1990 செப்டெம்பர் 9 இரவு, சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி மக்கள் படை முகாமுக்குக் கூட்டிச் செல்லப்பட்டார்கள். ஊர் நினைவுத் தூபி சொல்லும் எண்ணிக்கை 184. குழந்தைகளும் அதில் அடக்கம். அதையும் பின்னர் ஆணைக்குழு விசாரித்தது. வழக்கு நடக்கவில்லை.

படுவான்கரையில் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: “மனே, கமிசனுக்கும் சொன்னன், உனக்கும் சொல்றன். அம்மாளுக்கு ஒவ்வொரு வருசமும் சொல்றன். அவள் ஒருத்திதான் ‘சாட்சி இருக்கா?’ எண்டு கேக்காமக் கேக்காள்.” அரசறிவியல் பேராசிரியர்கள் எவரும் இதைவிடச் சுருக்கமாக எனக்குப் பாடம் எடுத்ததில்லை.

ஆனால் கோலை ஒரு கையில் மட்டும் பிடிக்கக் கூடாது. சத்துருக்கொண்டானுக்கு ஐந்து வாரங்களுக்கு முன், 1990 ஆகஸ்ட் 3 வெள்ளிக்கிழமை, காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இரவுத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாட்களில் ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர், வீடுகளில் படுத்திருந்தவர்கள். தொழுகையில் குனிந்த தலையைச் சுட்டதற்கு அரசியல் விளக்கம் தருகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ‘அப்போது நிலைமை அப்படி’ என்பார்கள். மகிழடித்தீவு பற்றி இராணுவப் பேச்சாளரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

2007 வரை படுவான்கரையில் விடுதலைப் புலிகளின் ஆட்சி நடந்தது. பொலிஸ் இருந்தது, நீதிமன்று இருந்தது, வரி இருந்தது. வயல் வரம்புத் தகராறும் கடன் தகராறும் விரைவாகத் தீர்ந்தன என்று அங்கே வாழ்ந்தவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கொழும்பின் நீதிமன்றுகளில் பத்தாண்டு இழுபடும் வழக்கு அங்கே பத்து நாளில் முடிந்தது. நான் கேட்பது வேறு. பதினைந்து வயது மகளைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எதிராக ஒரு தாய் அந்த நீதிமன்றில் வழக்குத் தொடர முடிந்ததா? அரசனுக்கு எதிரான வழக்கை ஏற்காத மன்று, எத்தனை வரம்புத் தகராறுகளைத் தீர்த்தாலும் அரசனின் காரியாலயம்தான். விடுதலைக்கான அரசு என்று பெயர் வைத்தாலும் என் அளவுகோல் நீளுவதில்லை, குறுகுவதில்லை. தமிழர்களுக்குச் சுயாட்சி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் சுயாட்சியின் வாசலில் காத்தான்குடியாரும் பறையடிப்பவரும் வந்து நின்று முறையிட முடியுமா என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டு மற்றவற்றைப் பேசலாம்.

சாட்சிகளுக்கு நடந்ததும் இதோடு சேர்ந்ததே. 2004 மே 31 காலையில் வேலைக்குப் போகும் வழியில் மட்டக்களப்பு நகரில் சுடப்பட்டார் வீரகேசரி நிருபர் ஐயாத்துரை நடேசன். மட்டக்களப்பின் மைந்தன் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கிடைத்தார். அதே ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையில், புனித மரியாள் இணைப் பேராலயத்துக்குள், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் 2021 ஜனவரியில் விடுதலையானார்கள். வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்துவிட்டார். ஆலயத்தின் நடுவே, நூற்றுக்கணக்கானோர் கண் முன்னே நடந்த கொலை அது.

வாசலை அடைத்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 ஏப்ரல் 21 சாட்சி. அன்று உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். குண்டுதாரிகளின் தலைவன் காத்தான்குடிக்காரன் என்பதை உலகம் முழுவதும் எழுதினார்கள். அவனுக்கு முதலில் அடிவாங்கியவர்களும் காத்தான்குடி முஸ்லிம்களே என்பதை அவ்வளவாக எழுதவில்லை. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவனுடைய கூட்டம் சூபி வழி முஸ்லிம்களைத் தாக்கியது. அவர்கள் பொலிஸில் முறையிட்டார்கள், மேலிடங்களுக்கு எழுதினார்கள், வீதியில் நின்று கேட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. குண்டு வெடித்த பின் அதே அரசு முழு முஸ்லிம் சமூகத்தையும் சந்தேகக் கூண்டில் நிறுத்தியது. முறைப்பாட்டாளியையே குற்றவாளி ஆக்கும் வித்தை எங்கள் நாட்டில் நன்றாகத் தேறியிருக்கிறது.

ஒரு வெளிச்சமும் உண்டு. 2023 ஜனவரி 12இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. பிள்ளைகளை இழந்த பெற்றோரும் மனுதாரர்களுள் இருந்தார்கள். அரசன் ஒருவன் சபையில் பதில் சொல்ல வேண்டி வந்தது. சோழ நாட்டிலும் பாண்டிய நாட்டிலும் கதையாக நடந்தது இலங்கையில் ஒரு முறையேனும் சட்டமாக நடந்தது.

இந்த இடத்தில் நண்பர் ஒருவர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். “வழக்கு முடிந்ததும் உங்கள் அம்மன் மதுரையை எரித்தாளே, அதுவும் உமக்குச் சம்மதமா?” நல்ல கேள்வி. எங்கள் சடங்கு அதற்கு விடை வைத்திருக்கிறது. வைகாசிச் சடங்கு தீயோடு முடிவதில்லை, குளிர்த்தியோடு முடிகிறது. குளிர்த்திப் பாடல் பாடி, நீர் தெளித்து, அவளுடைய கோபத்தை ஆற்றுவார்கள். அந்த நீரை வாங்கிக்கொண்டு சனங்கள் வீடு திரும்புவார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் வழக்குரை. கடைசியில்தான் குளிர்த்தி. 2009இல் போர் முடிந்த நாளிலிருந்து எங்களுக்குச் சொல்லப்படும் நல்லிணக்கம் என்பது, வழக்குரை பாடாமலேயே குளிர்த்தி பாடச் சொல்வது. நேராகக் கடைசி நாளுக்கு வா என்கிறார்கள். எந்தக் கட்டாடியாரும் அப்படிச் சடங்கு நடத்தமாட்டார்.

ஓட்டமாவடியைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். மதமும் சமூகமும் அரசும் ஒரே குழிக்குள் இறங்கிய இடம் அது.

கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. இலங்கை அரசு 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியில், எல்லோரையும் எரிக்கவே வேண்டும் என்று கட்டளையிட்டது. நிலத்தடி நீரால் கிருமி பரவும் என்றார்கள். முஸ்லிம்களுக்கு உடலை எரிப்பது மார்க்கத்துக்கு முரண். கிறிஸ்தவர்களில் பலருக்கும் அது மனம் ஒப்பாதது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. மக்கள் பொரளை மயானத்தின் வேலிக் கம்பிகளில் வெள்ளைக் கபன் துணிகளைக் கட்டினார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 டிசம்பர் 1இல், பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, மனுக்கள் விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. அரசனின் சபை வாசலிலேயே காவற்காரன் திருப்பி அனுப்பிய வழக்கு அது.

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்த பேரணியின் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒன்று. முஸ்லிம்கள் வழியில் சேர்ந்துகொண்டார்கள். 1990க்குப் பிறகு ஒரு சமூகம் மற்றதன் வழக்கைத் தன் வாயால் உரைத்ததைக் கிழக்கில் நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். அதில் இது ஒன்று. அந்த மாதக் கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. பாகிஸ்தான் பிரதமர் வந்து போனதும் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியதும் அதே வாரத்தில் என்பதை அரசியல் தெரிந்தவர்கள் கவனித்தார்கள். சொந்தக் குடிமக்கள் பத்து மாதம் அழுதும் திறக்காத கதவு, விருந்தாளி தட்டியதும் திறந்தது.

அப்போதும் அவரவர் ஊரில் புதைக்க விடவில்லை. முதலில் வடக்கே இரணைதீவு என்றார்கள். தீவில் வாழ்ந்த மீனவர்கள் எதிர்த்தார்கள். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே ஓட்டமாவடியில் ஒரு துண்டு நிலம். 2021 மார்ச் 5இல் முதல் உடல்கள் வந்தன. ஓராண்டுக் காலம், நாட்டின் எந்த மூலையில் யார் இறந்தாலும், அடக்கம் வேண்டும் என்றால் படையினரின் காவலோடு உடல் இங்கே வந்தது. காலியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்த பிள்ளைகள், அறியாத ஊரில் தந்தையை மண்ணில் வைத்துவிட்டு அன்றே திரும்பினார்கள். 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருக்கிறார்கள். உயிரோடிருக்கையில் நால்வரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்க முடியாத அரசு, இறந்த பின் அதைச் செய்து முடித்தது.

அந்தக் குழிகளை வெட்டியவர்களும் தொழுகை நடத்தியவர்களும் ஓட்டமாவடிப் பகுதிச் சாதாரண மக்கள். நோய் பற்றிய அச்சம் உச்சத்தில் இருந்த நேரம் அது. வந்த உடல் எந்த ஊர், என்ன இனம் என்று அவர்கள் பேதம் பார்க்கவில்லை. குடி கேட்டுப் பழகிய மாவட்டத்தில் இது சிறிய காரியமல்ல.

நிலத்தடி நீர்க் கதை பொய் என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நல்லது, அந்த வார்த்தையைச் சொல்லவும் நான்கு ஆண்டு பிடித்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டது ஒட்டுமொத்த அரசாங்கம். கட்டளையில் ஒப்பமிட்டவர், அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் சூட்டியவர், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை வாசித்தும் மேசை இழுப்பறைக்குள் வைத்தவர் என்று தனித்தனியாக யாரும் அதில் இல்லை. அந்த இருபது நாள் குழந்தையின் தகப்பன் எந்தச் சபைக்குப் போய், யாரைப் பார்த்து, தன் கையில் இருப்பதைக் காட்டிக் கேட்பது? அவர் கையில் சாம்பல்கூட இல்லை.